பத்து ஆட்டம் கோல் அடிக்காவிட்டால்?

கேள்வி: எனக்கு வயது 22. கால்பந்தில் ஸ்ட்ரைக்கராக, அதாவது கோல் அடிக்கும் முன்கள வீரராக, ஆடுகிறேன். போன சீசனில் 14 கோல் அடித்தேன். இப்போது வெளிநாட்டிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒன்று, முதல் டிவிஷன் கிளப். இரண்டு வருட ஒப்பந்தம், அதற்கு மேல் ஒரு வருடம் நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு. இன்னொன்று, அதைவிடச் சிறிய லீகில். பாதிச் சம்பளம், ஒரே ஒரு வருடம். பெரிய கிளப்பின் அழைப்பைக் கொண்டுவந்தவர், டிரான்ஸ்பர் விண்டோ (வீரர்கள் கிளப் மாற அனுமதி உள்ள காலம்) மூடுவதற்குள் கையெழுத்துப் போடச் சொல்கிறார். விசா செலவுக்கு முன்பணமும் கேட்கிறார். வீட்டில் எல்லோரும் பெரிய கிளப்புக்கே போகச் சொல்கிறார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரே பயம்தான்: அங்கே போய் கோல் அடிக்காவிட்டால்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். "திறமை இருந்தால் கோல் தானாக வரும், பயப்படாதே" என்று சொல்ல உங்களைச் சுற்றி நிறையப் பேர் இருப்பார்கள். நான் வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞர். வழக்கோடு என்னிடம் வருகிறவர்களில் திறமை இல்லாதவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பயத்தை விரட்டாதீர்கள். அதை ஒரு கேள்வியாக்கி வைத்துக்கொள்ளுங்கள்: பத்து ஆட்டம் கோல் அடிக்காவிட்டால் இந்த இடத்தில் எனக்கு என்ன நடக்கும்? பயிற்சியாளர், ஒப்பந்தம், ஏஜென்ட் என்று எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால் தட்டிப் பாருங்கள். எது வெறும் சத்தம் என்று தெரிந்துவிடும்.

ஒரு டிபெண்டர் புது நாட்டில் இரண்டு மாதம் சுமாராக ஆடினால் பலருக்கும் தெரியாது. ஸ்ட்ரைக்கருக்கு அந்தச் சலுகை கிடையாது. கோல் கணக்கில் பூஜ்யம் என்று இருந்தால் அதை எல்லோரும் படித்துவிடுவார்கள். வெளிநாட்டு வீரர்களுக்கு இத்தனை இடம்தான் என்று வரம்பு வைத்திருக்கும் லீகுகள் உண்டு. அங்கே ஓர் இடத்தை உங்களுக்குத் தருகிறார்கள் என்றால் கோலுக்காகத்தான் தருகிறார்கள். கோல் வரவில்லை என்றால் முதலில் கண் போவதும் அந்த இடத்தின் மேல்தான்.

ஆனால் கோல் வறட்சி என்பது பாதிக்கு மேல் இடத்தைப் பொறுத்தது. இயன் ரஷ் 1986-87 சீசனில் இங்கிலாந்தின் லிவர்பூலுக்காக 40 கோல் அடித்தவர். அடுத்த சீசனில் இத்தாலியின் யுவென்டஸுக்குப் போனார். லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது 7. ஒரே சீசனில் லிவர்பூலுக்கே திரும்பிவிட்டார். 1989 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்ததும் அதே மனிதர்தான். நடுவில் அவர் கால் மாறவில்லை. பந்து வரும் விதமும் எதிரே நின்ற தடுப்பும்தான் மாறின.

தியரி ஆன்ரி 1999 ஜனவரியில் அதே யுவென்டஸுக்குப் போனபோது அவரை ஓரத்தில் ஆட வைத்தார்கள். லீகில் 3 கோல். அந்த ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஆர்சனலுக்கு வந்ததும், மொனாக்கோ கிளப்பிலேயே அவரைத் தெரிந்துவைத்திருந்த பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் அவரை நடுவே கொண்டுவந்தார். அங்கேயும் முதல் சில ஆட்டங்களில் கோல் வரவில்லை. ஆனாலும் வெங்கர் அவரைக் கைவிடவில்லை. கடைசியில் ஆர்சனலுக்காக 228 கோல், கிளப் வரலாற்றில் வேறு யாரும் தொடாத எண். முதல் வாரங்களில் பொறுமை இல்லாத ஒரு பயிற்சியாளரிடம் அவர் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இப்போது உங்கள் இரண்டு அழைப்புகளுக்கு வருவோம். பெரிய கிளப்பில் ஏற்கனவே எத்தனை ஸ்ட்ரைக்கர்கள் இருக்கிறார்கள், அவர்களின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? அணி ஒரு ஸ்ட்ரைக்கரோடு ஆடுகிறதா, இருவரோடா? உங்களைக் கேட்டது பயிற்சியாளரா, விளையாட்டு இயக்குநரா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் "இயக்குநர்" என்றால் கொஞ்சம் யோசியுங்கள். "பயிற்சியாளர்" என்றால் அவருடைய ஒப்பந்தம் எத்தனை மாதம் மிச்சம் என்று கேளுங்கள். பயிற்சியாளர்கள் சீசன் நடுவில் மாறுவது சாதாரணம். புதிதாக வருகிறவர் தனக்குத் தெரிந்த ஆளையே தேடுவார்.

அப்புறம், இரண்டு அணிகளின் கடைசி ஐந்தாறு ஆட்டங்களையும் முழுதாகப் பாருங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம், அதில் கோல் மட்டும்தான் இருக்கும். அவர்களின் ஸ்ட்ரைக்கருக்குப் பெனால்டி பாக்ஸுக்குள் எத்தனை முறை பந்து வருகிறது என்று ஒரு காகிதத்தில் கோடு போட்டு எண்ணுங்கள். ஓரத்திலிருந்து கிராஸ் வருகிறதா, தரையோடு பாஸ் வருகிறதா, இல்லை நீளமாக அடித்துவிட்டு நீயே ஓடிப் பிடி என்று விடுகிறார்களா? உங்கள் 14 கோலில் எத்தனை எந்த வகையில் வந்தவை என்று உங்களுக்குத்தான் தெரியும். தலையால் பாதி கோல் அடித்தவர் கிராஸே போடாத அணிக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். சம்பளம் ஒழுங்காக வந்தது, கோல் வரவில்லை. இரண்டாவது வருடம் அவரைக் கேட்க ஆளில்லை.

சிறிய லீக் என்றால் பின்னடைவு என்று வீட்டில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. ஸ்ட்ரைக்கர் விக்டர் ஓசிமெனின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். நைஜீரியாவில் இருந்து 2017இல் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்குக்குப் போனார். அங்கே ஒரு கோல்கூட இல்லை. மலேரியா தாக்கிய உடம்போடு பெல்ஜியத்தில் இரண்டு கிளப்புகளின் ட்ரயலுக்கு, அதாவது ஆளைப் பார்த்துத் தேர்வு செய்யும் பயிற்சிக்கு, போனார், இரண்டும் வேண்டாம் என்றன. 2018இல் லோனில், அதாவது தற்காலிகக் கடனாக, அங்கே ஷார்லருவா என்ற நடுத்தர கிளப் எடுத்துக்கொண்டது. அந்த ஒரே சீசனில் 20 கோல் அடித்தார். பிறகு பிரான்சின் லில், இத்தாலியின் நாப்போலி. 2022-23இல் நாப்போலி 33 ஆண்டுகளுக்குப் பின் இத்தாலிய லீகை வென்றபோது 26 கோலுடன் லீகிலேயே அதிகக் கோல் அடித்தவர் அவர்தான். ஸ்வீடன் ஸ்ட்ரைக்கர் விக்டர் யோக்கெரெஸை இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் 2018இல் வாங்கியது. அவர்களுக்காக பிரீமியர் லீகில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. லோனில் ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷன், அப்புறம் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷன், அங்கிருந்து போர்ச்சுகல். 2024-25இல் ஸ்போர்ட்டிங் கிளப்புக்காக லீகில் மட்டும் 39 கோல் அடித்துவிட்டுத்தான் ஆர்சனலுக்குப் போனார். லூயிஸ் சுவாரஸ் 19 வயதில் உருகுவேயை விட்டு முதலில் போனது நெதர்லாந்தின் குரோனிங்கனுக்கு. அந்த கிளப்பின் ஆட்கள் வேறொரு வீரரைப் பார்க்கப் போன இடத்தில்தான் இவரைக் கண்டார்கள். ஒரு வருடத்தில் அந்நாட்டின் பெரிய கிளப்பான அயாக்ஸ். இந்த மூவருக்கும் பொதுவாக இருந்தது, தொடர்ந்து ஆடக் கிடைத்த ஓர் இடம். பெரிய கிளப்பின் பெஞ்சில் கிடைக்கும் அனுபவம் என்று ஒன்று உண்டு என்கிறார்கள். கோல்கீப்பருக்கு இருக்கலாம். ஸ்ட்ரைக்கருக்கு அதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

சரி, ஒப்பந்தம். கோல் அடிக்கவில்லை என்பதற்காக ஒரு கிளப் உங்களை நீக்க முடியுமா? முடியாது. மோசமான ஆட்டம் ஒப்பந்தத்தை முறிக்க நியாயமான காரணம் ஆகாது என்பதில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தீர்ப்பாயம் உறுதியாக இருக்கிறது. ஆனால் கிளப்புகளுக்கும் இது தெரியும். அதனால் நேராக நீக்க மாட்டார்கள். அணியை விட்டுத் தனியாகப் பயிற்சி செய்யச் சொல்வார்கள், லீக் பதிவுப் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பார்கள், சம்பளத்தைத் தாமதம் செய்வார்கள். நீங்களே வெறுத்துப் போய் "பாதிப் பணம் போதும், விடுங்கள்" என்று கையெழுத்துப் போடும்வரை இது நடக்கும். வீரரை இப்படி நெருக்கி வெளியேற்றப் பார்ப்பதையும் ஃபிஃபாவின் விதிகள் ஒப்பந்த மீறலாகவே பார்க்கின்றன. தனிப் பயிற்சிக்கு வரச் சொன்ன ஒவ்வொரு குறுஞ்செய்தியையும் வைத்திருங்கள். வாயால் சொன்னால், "இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று அன்றே மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.

உங்கள் வரைவில் "கிளப் விரும்பினால் வீரரின் லீக் பதிவை நீக்கலாம்" என்றோ, "குறைந்தபட்சம் இத்தனை கோல் அடிக்காவிட்டால் சம்பளம் குறையும்" என்றோ ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். தீர்ப்பாயத்தில் இப்படிப்பட்ட வரிகள் நிற்காமல் போகலாம், ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கு முடிவதற்குள் ஒரு சீசன் போய்விடும். கோலுக்கு ஊக்கத்தொகை கேளுங்கள், அது நல்லதுதான். ஆனால் அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துவிட்டு ஊக்கத்தொகையைக் கொழுக்க வைத்தால், உங்கள் கோல் வறட்சியின் செலவை உங்கள் தலையிலேயே கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நன்றாக ஆடினால் பழைய சம்பளத்துக்கே உங்களை இன்னொரு வருடம் பிடித்துவைப்பார்கள். ஆடாவிட்டால் விட்டுவிடுவார்கள். இரண்டிலும் அவர்களுக்கு லாபம். நீட்டித்தால் சம்பளம் இவ்வளவு கூடும் என்றும், நீங்களும் சம்மதித்தால்தான் நீட்டிப்பு என்றும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், ஒரு வருட ஒப்பந்தத்தில் உங்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வேறு கிளப்புடன் அடுத்த சீசனுக்குக் கையெழுத்துப் போட ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. அதாவது சீசன் பாதியில், பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடியிருந்தால், உங்களிடம் காட்ட ஏதோ இருக்கும். இரண்டு வருட ஒப்பந்தத்தில் சிக்கியவருக்கு ஒரே ஆறுதல், சீசனின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே ஆட வைத்தார்கள் என்றால் வெளியேறலாம் என்ற விதி. சீசனின் கடைசி ஆட்டத்துக்குப் பின் 15 நாட்களுக்குள் அதைச் செய்ய வேண்டும், நிலைபெற்ற தொழில்முறை வீரர் என்றும் காட்ட வேண்டும். 22 வயதில் முதல் முறை வெளிநாடு போகிறவருக்கு அதைக் காட்டுவது லேசில்லை. அந்த விதியை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

சம்பளப் பாக்கி பற்றி என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலில் புதிதாக இருந்தபோது ஒரு முன்கள வீரர் தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்று மாதம் சம்பளம் இல்லை. நான் அவரிடம் "தவறு அவர்கள் மேல்தான்" என்று மட்டும் சொன்னேன். நோட்டீஸ் அனுப்பும்வரை அங்கேயே இருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவர் கோபத்தில் அன்றிரவே விமானம் ஏறிவிட்டார். அடுத்த வாரம் கிளப், பயிற்சிக்கு வராமல் ஓடிவிட்டார் என்று எழுதியது. ஜெயிக்க வேண்டிய வழக்கை சமரசத்தில் முடிக்க நேர்ந்தது. அந்தப் பாவத்தில் பாதி என்னுடையது.

2018 முதல் விதி தெளிவாக இருக்கிறது. குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், பாக்கியைக் குறிப்பிட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, குறைந்தது 15 நாள் அவகாசம் தரவேண்டும். அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம். அந்த 15 நாளும் பயிற்சிக்குப் போங்கள், ஒரு நாளும் தவறாமல். இரண்டு வருடத்துக்குள் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வீரர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. தீர்ப்புக்குப் பின் 45 நாளில் பணம் தராத கிளப், புது வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் தடைக்கு உள்ளாகலாம். கிளப்புகள் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான். அதனால் தகராறு வந்தால் எங்கே போவது என்ற பிரிவை மறக்காமல் படியுங்கள். கிளப் உள்ள ஊரின் நீதிமன்றம் மட்டுமே என்று இருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

இதெல்லாம் அபூர்வமாக நடப்பது என்று நினைக்க வேண்டாம். ஃபிஃப்ப்ரோ என்ற உலக வீரர் சங்கம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட 14,000 வீரர்களில் 41 சதவீதம் பேர் முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளத் தாமதத்தைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். சிறிய கிளப்பில் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அதனால் அங்கே இப்போது ஆடும் இரண்டு வெளிநாட்டு வீரர்களைத் தேடிப் பிடித்து, சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது என்று கேளுங்கள். கிளப் சொல்வதை விட அவர்கள் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

பணம் முழுவதும் பதிவு செய்யப்படும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவருக்கு சம்பளத்தில் பாதிக்கு மேல் "உருவ உரிமை" (வீரரின் படத்தையும் பெயரையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை) என்ற பெயரில், வேறொரு நிறுவனத்தோடு தனிக் காகிதத்தில் இருந்தது. தகராறு வந்ததும் அந்தப் பாதி கால்பந்துத் தீர்ப்பாயத்தின் வரம்புக்கே வரவில்லை. தொகை வரிக்கு முன்பா பின்பா, எந்த நாணயத்தில், எந்தத் தேதியில் என்பதெல்லாம் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதும் வேண்டும்.

அந்த விசா பணத்துக்கு வருகிறேன். அனுப்பாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம். ஃபிஃபா 2023 முதல் ஏஜென்ட்டுகளுக்கு உரிமம் கட்டாயமாக்கியிருக்கிறது, தேர்வு எழுதித்தான் அதைப் பெற முடியும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் ஃபிஃபா தளத்தில் இருக்கிறது. அவர் பெயர் அதில் இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இருந்தால், கிளப்பின் அதிகாரபூர்வ முகவரிக்கு நீங்களே எழுதி, இந்த அழைப்பு உண்மைதானா என்று கேளுங்கள். ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தமும் இரண்டு வருடத்துக்கு மேல் போகக் கூடாது. அவசரப்படுத்துகிறாரே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. விண்டோ மூடும் தேதி எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைச் சாட்டையாகப் பயன்படுத்துகிறவர் ஒப்பந்தத்தைப் படிக்கவிடாமல் இருக்கத்தான் பார்க்கிறார்.

வேலை அனுமதி தனி விஷயம். சுனில் சேத்ரியை 2009இல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் எடுக்கத் தயாராக இருந்தது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா முதல் 70இல் இல்லை என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ஒன்று: அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும், மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும் என்றெல்லாம் கிளப் நிபந்தனை வைக்க ஃபிஃபா விதி இடம் தருவதில்லை. ஆகவே இரண்டு கிளப்பும் இவற்றை முடித்துவிட்டே கையெழுத்துக்கு வரட்டும். பழைய கிளப்பை விட்டு விலகுவது அதற்குப் பிறகு. 23 வயதாகும் ஆண்டு முடியும்வரை, உங்களை எடுக்கும் வெளிநாட்டு கிளப் உங்களை வளர்த்ததற்காக ஈடு தரவேண்டி வரலாம். அதைத் தாமதமாக உணர்ந்து கடைசி நாளில் பின்வாங்கும் கிளப்புகள் உண்டு, முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். போகும் நாட்டில், வேலை தருபவர் சம்மதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியேற முடியுமா என்றும் விசாரியுங்கள். சாஹிர் பெலூனிஸ் என்ற பிரெஞ்சு-அல்ஜீரிய முன்கள வீரர் சம்பளத் தகராறில் கத்தாரில் வெளியேறும் அனுமதி இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் சிக்கியிருந்து, 2013 நவம்பரில்தான் வெளியே வந்தார். அந்த அனுமதி முறையை அங்கே பின்னர் பெரும்பாலும் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாளிலிருந்தே படியுங்கள். இலக்கணமாகப் படிக்க நேரம் இல்லாவிட்டால், மைதானத்தில் கத்தும் இருபது முப்பது சொற்கள் போதும்: பின்னால் ஆள், திருப்பு, விடு, முதல் கம்பம், இரண்டாவது கம்பம். ஓரத்தில் ஆடும் விங்கர் உங்களை நம்பிப் பந்து போட வேண்டும். தன்னோடு பேசாத ஆளுக்கு அவர் இரண்டாவது முறை போட மாட்டார்.

என் முடிவைக் கேட்டால், நீங்கள் சொன்னது வரை சிறிய லீகுக்கே என் வாக்கு. பெரிய கிளப்பில் முதல் ஸ்ட்ரைக்கர் விற்கப்பட்டு அந்த இடம் உண்மையிலேயே காலியாக இருந்து, நீட்டிப்பு வரியையும் திருத்தித் தந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்வேன். வீட்டில் சம்பள வித்தியாசத்தைக் காட்டிக் கேட்பார்கள். இரண்டு வருடம் பெஞ்சில் இருந்தபின் 24 வயதில் கோல் இல்லாத ஸ்ட்ரைக்கருக்கு என்ன சம்பளம் கிடைக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது, சிறிய கிளப்பின் பயிற்சியாளரோடு காணொளியில் அரை மணி நேரம் பேசுவது. எந்த முறையில் ஆடுவார், உங்களை எங்கே நிறுத்துவார் என்று கேளுங்கள். முடிக்கும்போது உங்கள் பயத்தையும் அப்படியே கேட்டுவிடுங்கள்: பத்து ஆட்டம் கோல் வராவிட்டால் என்ன செய்வீர்கள்? "அப்படி ஆகாது" என்று சிரித்து மழுப்பினால் கவனமாக இருங்கள். அன்று உங்களுக்கு எப்படிப் பந்து தருவது என்று ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஒப்பந்த வரைவின் எல்லாப் பக்கங்களையும், இணைப்புகளையும் சேர்த்து, கையெழுத்துப் போடாமல் எனக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறேன்.